தண்ணி காட்டறதுல தண்ணி காட்டாதே, மாப்ளே

குருதை வாங்கிட்டயாமா மாப்ளே! அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்குப் போனவனெல்லாம் பொரியும் கடலையும் வாங்கிட்டு வந்தான். நீ மட்டும் மார்வாரிக் குருதையக் கையில புடிச்சுட்டு வந்து எறங்கியிருக்கற. நல்ல சாமான்தான். காது ரெண்டும் உள்ளாற வளஞ்சு நுனியும் நுனியும் தொடுது. உன்ற அம்மா, அதான் என்ற தங்கச்சி, ஆரத்தி எடுத்தாளாமா. உன்ற கல்யாணத்துக்குக் கூட அவ இத்தனை சிரிச்சு நான் பாக்கல.

சேணம் கான்பூர்ல இருந்து வந்துச்சாமா. பிடரிக்கு ஷாம்பு, வாலுக்கு எண்ணெய், கண்ணு படாம இருக்கக் கழுத்துக்குக் கறுப்புக் கயிறு. போன்ல பதிவு போட முந்நூறு போட்டோ. பேரு வெக்கறதுக்கு ஜோசியர்கிட்ட வேற போயிட்டு வந்தயாமா. இத்தனையும் கேட்டுட்டு, "தண்ணிக்கு என்ன மாப்ளே ஏற்பாடு?"ன்னு கேட்டன். "எருமைத் தொட்டி இருக்குதுங்க மாமா"ன்ன பாரு, அங்கதான் நீ எங்க வமுசம்னு எனக்கு உறுதி ஆச்சு.

நானே போயி அந்தத் தொட்டிய எட்டிப் பாத்தன். மேல புண்ணாக்கு நொரை. நடுவுல வடிச்ச கஞ்சி. அடியில முந்தாநாள் சோறு புளிச்சுப் போயி முட்டை முட்டையாக் கெளம்பிட்டு இருக்குது. எருமைக்கு அது தேவாமிர்தம். நாலு அறை வெச்ச வயிறு அவளுக்கு, எதைப் போட்டாலும் அசை போட்டுச் சரிக்கட்டிக்குவா. குருதைக்கு ஒத்த வயிறு. அதுவும் அந்த ஒடம்புக்குப் பொருந்தாத சின்ன வயிறு, பின்னால இருக்கற குடல்தான் பெருசு. உள்ள போனது ஒத்துக்கலைன்னா வாந்தி எடுக்கவும் வராது அதுக்கு. புளிச்ச கழனித்தண்ணியக் காட்டிட்டு, ராத்திரி குருதை மண்ணுல உருண்டா, காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு கோடாங்கிகிட்ட ஓடாதே. கழனி எருமைக்கு. குருதைக்குப் பச்சைத் தண்ணி, அதுவும் தனித் தொட்டில.

முனியப்பன் கோயல்ல நிக்குது பாரு மண்குதிரை, அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வேண்டியதில்ல. அதை நம்பி ஆத்துல எறங்காம இருந்தாச் சரி. உன்றது உசுருள்ள சாதி. சும்மா கட்டிப் போட்டிருந்தாலே நாளைக்கு 25, 30 லிட்டர் கேக்கும். சித்திரை வெயில்ல ஓட்டினயோ, 50 லிட்டரையும் தாண்டும். குட்டி போட்டுப் பால் குடுக்கற பொட்டையா இருந்தா அதுக்கும் மேல. இதுல இன்னொண்ணு இருக்குது. பச்சைப்புல்லுல முக்காவாசி தண்ணிதான். நீ போடறது காஞ்ச சோளத்தட்டு. அதுல தண்ணிக்கு எங்க போறது? தட்டு எவ்வளவு காஞ்சிருக்குதோ அவ்வளவுக்குத் தொட்டி நெறஞ்சிருக்கோணும். இல்லாட்டி அந்த நாரெல்லாம் குடலுக்குள்ள கெட்டிச்சுப் போயி அடைச்சுக்கும். குருதை சாகறதுக்குப் புலி வரோணும்னு இல்ல மாப்ளே, ரெண்டு பக்கெட் தண்ணி கொறஞ்சாப் போதும்.

"அது குடிக்கற அளவு குடிக்குதுங்க மாமா"ன்னு சொல்ற. எத்தனை குடிச்சுதுன்னு உனக்கெப்படித் தெரியும்? அதுதான் சூட்சுமம். டவுன்ல ஒருத்தரு மூக்கால அழுத்தினாத் தண்ணி வர்ற கிண்ணம் மாட்டியிருக்கறாரு, நீயும் மாட்டப் போறன்னு கேள்வி. மாட்டு, மாட்டு. நல்ல வேலைதான், உனக்குத் தூக்கிச் சொமக்கற பாடு மிச்சம். ஆனா குருதை நேத்து முழுக்க ஒரு முழுங்கு கூடக் குடிக்கலைன்னாலும் அந்தக் கிண்ணம் உன்கிட்ட வந்து சொல்லாது. பக்கெட்னா சொல்லும். 20 லிட்டர் பக்கெட் ரெண்டு வாங்கு. உள்ள 5, 10, 15ன்னு மட்டம் பாத்து வெளியே கோடு போடு. கோடு போட உன்ற பொண்டாட்டியோட நகப்பாலிஷ் நல்லா நிக்கும், அவகிட்டக் கேக்காம எடுக்காதே. வெடியால ஒருக்கா, தட்டுப் போட்டதுக்கப்பறம் ஒருக்கா, பொழுதோட ஒருக்கா கோட்டைப் பாரு. தட்டுத் தின்ன கொஞ்ச நேரத்துலதான் அது நெறையாக் குடிக்கும். அப்பத் தொட்டி காலியா இருந்தா, அது உன்ன மன்னிக்கறதுக்கு மனுசன் இல்ல.

குடிக்கறத ஒருக்கா நின்னு பாரு, போட்டோ எடுக்காம. ஒதட்டை மூடினாப்ல வெச்சு, நடுவுல சின்னச் சந்து விட்டு உறிஞ்சும். ஒவ்வொரு முழுங்குக்கும் காது ரெண்டும் முன்ன போயிப் பின்ன வரும். காது அசையலைன்னா அது குடிக்கல, ஒதட்டை நனைச்சுட்டுச் சும்மா நிக்குது. உன்ன ஏமாத்தறதுக்கு இல்ல. தண்ணி அதுக்குப் புடிக்கல, அவ்வளவுதான்.

ஏன் புடிக்கல? அங்கதான் உன்ற போர்த்தண்ணிக்கு வர்றன். 900 அடி போட்டு எடுத்த தண்ணி, சோத்துல ஊத்தினா சோறு மஞ்சளாகுது, பருப்பு வேகமாட்டீங்குதுன்னு என்ற தங்கச்சி பொலம்பறா. உங்களுக்கு வாங்கிக் குடிக்கறது கேன் தண்ணி, குருதைக்குச் சவுருத் தண்ணியா? உப்பு அளக்கற பேனா ஒண்ணு விக்குது, டிடிஎஸ் மீட்டருங்கறாங்க. முக்கினா நம்பர் காட்டும். லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா ராசாத்தண்ணி. 3000 வரைக்கும் குருதை சமாளிச்சுக்கும், புதுசா வந்ததுக்கு முதல்ல சாணி கொஞ்சம் எளகும். 7000 தாண்டினா அந்தத் தண்ணிய அதுங்கிட்டக் காட்டறதே பாவம். நமக்கு 500க்குள்ள இருக்கோணும், வேற வழியே இல்லாட்டி 2000 வரைக்கும்னு இந்தியத் தர நிர்ணயத்துல எழுதி வெச்சிருக்கறாங்க. அப்படிப் பாத்தா நம்மளவிடக் குருதை பரவால்ல.

ஆனா அந்தப் பேனாவ நம்பி நெஞ்ச நிமுத்தாதே. அது உப்பைச் சொல்லும், எலி விழுந்ததைச் சொல்லாது. ஒரம் சேந்த நைட்ரேட்டையும் பிரிச்சுச் சொல்லாது, கிருமியையும் சொல்லாது. அதுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்து ஆய்வகத்துல பாட்டில்ல புடிச்சுக் குடுத்துக் காசு கட்டிப் பாக்கோணும். ஷாம்புக்கு ஆன செலவுல பாதி ஆகாது.

எலின்னு சொன்னன் பாரு, அதைக் கொஞ்சம் பேசிருவம். தொட்டிக்கு மூடியும் இல்ல, அதுல குறுக்க ஒரு குச்சியும் இல்ல. அணில் தண்ணி குடிக்க வரும், வழுக்கி உள்ள விழும், ஏறி வரக் கொப்பு இல்லாம நீந்தி நீந்தி ஓஞ்சு அங்கயே சாகும். ஒடக்கானும் அப்படித்தான். நீ பாக்கறதுக்கு ரெண்டு நாளாகும். செத்தது ஊறுற தண்ணில ஒரு விசம் உண்டாகும், போட்டுலிசம்னு பேரு. மத்த கால்நடைய விடக் குருதைக்கு அது ரொம்பச் சீக்கிரம் ஏறும். நாக்குத் தொங்கும், முழுங்க முடியாது, நின்ன எடத்துல கால் நடுங்கிச் சாயும். எலி உசுரோட இருந்தாலும் விடாது, மூத்திரத்துல எலிக்காய்ச்சக் கிருமி. அது குருதைக்குப் போனாக் கண்ணு செவந்து தண்ணி வடியும், சரியாகும், மறுபடியும் செவக்கும், இப்படியே விட்டு விட்டு வந்து கடைசில பார்வையே போயிரும். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்குன்னு சொல்லுவாங்க, உன்ற குருட்டுக் குருதைக்கு நீதான் சாக்கு. ஒரு பலகை மூடி, தொட்டிக்குள்ள சாச்சு வெச்ச ஒரு மரக்கொப்பு. அணில் ஏறிப் போயிரும். இதுக்கு என்ன செலவு?

பாசிக்கு வர்றன். வெயில்ல இருக்கற தொட்டி பச்சை புடிக்கும், அதுல பெரிய தப்பில்ல, தேச்சுக் கழுவினாப் போகும். ஆனா மேல நீலப்பச்சையா ஏடு கட்டி, நாத்தமும் அடிச்சா, அதுல விசம் இருக்கலாம், நாய்க்குக் கூட அதை நக்கக் குடுக்காதே. பக்கத்துல யூரியா மூட்டைய ஒதறினாலும் மருந்தடிக்கிற ட்ரம்மைக் கழுவினாலும் தண்ணிக்குள்ள எறங்கும். நெழல்ல வை. தென்னை நாரு வெச்சு தினமும் தேய். சிமெண்ட் தொட்டியா இருந்தா 15 நாளைக்கு ஒருக்கா தண்ணிய வடிச்சு, காயவிட்டு, உள்பக்கம் சுண்ணாம்பு அடிச்சு, காஞ்சதுக்கப்பறம் அலம்பிட்டுத் தண்ணி விடு. பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கறம்ல, குருதைக்கு மாசத்துக்கு ரெண்டு பொங்கல். மேல்நிலைத் தொட்டில நல்ல ப்ளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கரைச்சு ஊத்தி, ஒரு மணி நேரம் விட்டுட்டு அப்பறம் தொறந்து விடு. கை நெறைய அள்ளி வீசாதே. நாத்தம் புடிச்சா அது வாயே வெக்காது.

அந்த நீல ட்ரம் எங்க புடிச்ச மாப்ளே? சாயப்பட்டறைக்கு வர்ற ட்ரம்தான அது. திருப்பூர் பக்கம் மலிவாக் கெடைக்குது, 200 லிட்டர். அதுல என்ன வந்துச்சோ, எழுதினதை உரிச்சுட்டுத்தான் விக்கறான். மூணு தண்ணி ஊத்திக் கழுவினன்ங்கற. நொய்யல் ஆத்துல அந்தச் சாயம் கலந்து ஒரத்துப்பாளையம் அணையே கெட்டுப் போச்சு, அதைக் கழுவ இன்னும் எத்தனை தண்ணி தேவையோ தெரியல. நீ மூணு தண்ணில கழுவிட்ட. சாப்பாட்டுச் சாமான் வந்த ட்ரம்மா இருந்தாலும், அறுத்த விளிம்பை மழுக்காம வெச்சா ஒதடு கிழியும்.

சந்தையில உன்ற குருதைய ஒரு கல்தொட்டில தண்ணி குடிக்க விட்டயாமே. அங்க கத்தியவாரிக்காரன், நுக்ராக்காரன், ஏறாத மலையெல்லாம் ஏறி வந்த மட்டக்குதிரைக்காரன், எல்லாரோட மூக்குச் சளியும் அதுலதான். தொண்டை வீங்கிச் சீழ் வைக்கற சீக்கு அப்படித்தான் பரவும். அதைவிடப் பெருசு கிளாண்டர்ஸ். நாமக்கல் கால்நடைக் காலேஜ்ல படிக்கற என்ற பேத்தி சொன்னா, 2006க்குப் பொறகு அது நம்ம நாட்டுல மறுபடி மறுபடி தலைகாட்டுதாமா. மூக்குல சளி, தோல்ல புண்ணு. மனுசனுக்கும் ஒட்டும். வந்துருச்சுன்னு ஹிசார்ல இருக்கற தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துல உறுதியாச்சுன்னா, சட்டப்படி அந்தக் குருதையக் கொன்னு பொதைக்கோணும். சந்தைக்குப் போறயா, உன்ற சொந்த பக்கெட்டைக் கொண்டு போ. சாதிக்கட்டுப்பாட்டை ஒழிச்சோம்னு எல்லாரும் பெருமை பேசறம், இந்தக் குருதை விசயத்துல மட்டும் தனித்தொட்டி வெச்சுக்கோ, தப்பில்ல.

வெளியூருக்குக் கொண்டு போனா, அந்த ஊருத் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். அதுக்கும் ஒரு வழி இருக்குது. கெளம்பறதுக்குச் சில நாள் முன்னாலயே வீட்டுத் தண்ணில கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை ஒரு கை கரைச்சுப் பழக்கு. போன ஊர்லயும் அதையே கரைச்சு வை. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போற சக்கரை, குருதைக்குப் பத்தாதா? பக்கத்துலயே பச்சைத் தண்ணியும் ஒரு பக்கெட் இருக்கோணும். எது வேணும்னு அது முடிவு பண்ணட்டும்.

உனக்கு இந்தக் குருதைய வித்த தரகன் இதுல ஒரு வார்த்தை சொன்னானா? சொல்ல மாட்டான். அது இன்னைக்கு நேத்துப் பழக்கம் இல்ல. 700 வருசத்துக்கு முன்னால மார்க்கோ போலோன்னு ஒரு வெனிஸ் நாட்டு ஏவாரி நம்ம பாண்டிய நாட்டுப் பக்கம் வந்துட்டுப் போயி எழுதி வெச்சிருக்கறானாம். ராசா வருசத்துக்கு 2000 குருதைக்கு மேல கப்பல்ல எறக்குவாராமா. வருசம் திரும்பறப்ப நூறு கூட மிஞ்சாதாமா. வேகவெச்ச சோத்தோட கறியக் கலந்து போட்டாங்களாமா தீனிக்கு! பாக்கத் தெரிஞ்ச ஆள் இங்க இல்ல. கொண்டு வந்து வித்தவனுங்க வைத்தியம் தெரிஞ்சவன மட்டும் கப்பல்ல ஏத்தவே மாட்டாங்களாமா. செத்தாத்தான அடுத்த வருசம் ஏவாரம்? அதனால நம்ம தரகன வையாதே. அவன் மரபு காக்கறான்.

ஓடி வந்த குருதைக்குத் தண்ணி காட்டாதேன்னு என்ற அப்பாரு காலத்துல இருந்து ஒரு பேச்சு. நீயும் அதைப் புடிச்சுட்டு, வேர்த்துக் கொட்டிட்டு நிக்கறதை ஒரு மணி நேரம் காயப் போடற. பேத்தி சிரிக்கறா. 1996ல அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு, அந்த ஊரு வெக்கையில குருதைய எப்படி ஓட்டறதுன்னு முன்கூட்டியே சோதிச்சுப் பாத்தாங்களாம். சூடான ஒடம்பு மேல குளுந்த தண்ணிய ஊத்தினா ஒரு கேடும் இல்ல, நல்லதுதான்னு தெரிஞ்சுபோச்சு. குடிக்கறதுக்கும் தடை இல்லைங்கறா. கொஞ்சம் குடிக்க விடு, நாலு சுத்து நடத்து, மறுபடியும் காட்டு. தீனி மட்டும் ஆறினதுக்கப்பறம் வை. இன்னொண்ணு, அதோட வேர்வைல உப்பு அதிகமா வெளியே போயிரும். உப்பு போயிட்டாத் தாகமே தெரியாது, காஞ்சு கெடக்கும், ஆனாத் தண்ணி கேக்காது. அதனால தீனில தினம் ஒரு 30 கிராம் கல்லுப்பு. தண்ணில கலக்காதே, தீனில.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப் போறயாமா. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால மூத்திரம் பேஞ்சுட்டா மானம் போயிரும்னு, மத்தியானத்துல இருந்து தண்ணிய நிறுத்தறதா யாரோ உனக்கு ரோசனை சொல்லியிருக்கறாங்க. நல்ல ரோசனை. அதை முதல்ல மாப்பிள்ளைக்குச் சொல்லு. பட்டு வேட்டி, மாலை, ஜிகினாக் குடை, பேண்டு வாத்தியம், ஜெனரேட்டர் வெளக்குச் சூடு, அவனும் மத்தியானத்துல இருந்து வாய் நனைக்காம உக்காரட்டும். மண்டபம் வர்றதுக்குள்ள குருதை நிக்குதா, மாப்பிள்ளை நிக்கறானா பாப்பம். பேயட்டும் மாப்ளே. ஊர்வலத்துல குடிச்சுட்டு ஆடறவனுங்க பண்ற அசிங்கத்துக்கு முன்னால அது என்ன?

காஞ்சிருக்குதான்னு பாக்க டாக்டரு வரோணும்னு இல்ல. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல தோலை ரெண்டு வெரல்ல கிள்ளித் தூக்கி விடு. உடனே படிஞ்சா நல்லது. மடிப்பு நின்னுட்டே இருந்தா ஒடம்புல தண்ணி இல்ல. மேலொதட்டைத் தூக்கி ஈறுல கட்டை வெரலை அழுத்தி எடு. வெளுத்தது 2 நொடில சிவந்துரோணும். ஈறு பெசுக்குப் பெசுக்குன்னு ஒட்டினாலும் சரியில்ல. அப்பறம் சாணி. ஆமா, பாரு, மூக்கப் புடிச்சுட்டுப் பாரு. உருண்டை ஈரமா, கீழ விழுந்தா ஒடையறாப்ல இருக்கோணும். சின்னச் சின்னதா, கல்லாட்டம் கெட்டிச்சு, மேல வழவழன்னு சவ்வு புடிச்சிருந்தா, அன்னைக்குப் பக்கெட்டுக் கோட்டைப் பாரு, கணக்குச் சரியா வரும்.

அது முன்னங்காலால மண்ணைப் பறிச்சு, திரும்பித் திரும்பி வயித்தப் பாத்து, படுக்கறதும் எந்திரிக்கறதுமா இருந்தா, விளக்கெண்ணெயத் தூக்கிட்டு ஓடாதே, கஷாயம் காய்ச்சாதே, வாய்க்குள்ள சீசாவை விட்டு எதையும் ஊத்தாதே, நுரையீரலுக்குப் போயிரும். தீனிய எடுத்துட்டு 1962க்குப் போன் போடு, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். என்னைக் கூப்புடாதே. நான் வந்தா விடிய விடியப் பேசிட்டே இருப்பன், அதுவேற பாவம் கேட்டுட்டுப் படுத்துக் கெடக்கோணும்.